அட்டைப்பெட்டி நகரின் அரங்கு



இலண்டன் மாநகரின் வாட்டர்லூ புகையிரத நிலையத்துக்கு அண்மையில், வீதிகளின் கீழே செல்லும் சுரங்க நடைபாதைகளில், 1980களிலே விசித்திரமானதோர் ஊர் எழுந்தது. கடைகள் கழித்தெறிந்த அட்டைப்பெட்டிகளே அங்கு வீடுகள். ‘அட்டைப்பெட்டி நகரம்’ என்றே மக்கள் அதனை அழைத்தனர். 1988இல் பதினாறு, பதினேழு வயதினரிற் பெரும்பாலோருக்கு அரச உதவிப்பணம் நிறுத்தப்பட்டது. இலண்டன் தெருக்களில் இளம் முகங்கள் பெருகின. திறந்த வெளியில் உறங்குவதைக் குற்றமாக்கிய 1824ஆம் ஆண்டுச் சட்டமோ அப்போதும் நடைமுறையில் இருந்தது.

இத்தகையோருக்காக 1991இல் ஏட்றியன் ஜக்சன் என்பார் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். ‘அட்டைப்பெட்டிக் குடிமக்கள்’ என்பது அதன் பெயர். முகவரி இல்லாதவரும் குடிமக்களே என்னும் வழக்கை அப்பெயரே தொடுத்துவிடுகின்றது.

பசித்தவனுக்கு நாடகமா என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டவன்தான். விடை காண்பதற்கு இக்குழு கைக்கொண்ட முறையின் பிறப்பை அறிதல் வேண்டும்.

பிரேசில் நாட்டு நாடகாசிரியர் ஓகஸ்டோ போல் 1971இல் இராணுவ ஆட்சியினராற் சிறைப்பட்டுச் சித்திரவதைக்குள்ளாகிப் பின் நாடு கடந்து வாழ்ந்தவர். 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவு இயக்கத்திற் பணிபுரிந்தார். அங்கே எழுதப் படிக்கத் தெரியாத மனைவியிடம் சில தாள்களைக் கொடுத்து, அவை முக்கிய பத்திரங்கள் எனச் சொல்லி வைத்தான் ஒரு கணவன். அவையோ அவனது காதலி வரைந்த கடிதங்கள்! உண்மையை அறிந்த மனைவி யாது செய்வது? போலின் நடிகர்கள் இதனை நடித்து, அவையோரின் யோசனைகளைக் கேட்டு, அவற்றையும் நடித்துக் காட்டினர். ஒரு பெண் மட்டும், “அவனோடு தெளிவாகப் பேச வேண்டும்” என்று வற்புறுத்தினாள். நடிகை எவ்வாறு நடித்தும் அவளுக்குத் திருப்தியில்லை. முடிவில் போல் அவளையே மேடைக்கு அழைத்தார். அவள் ஏறினாள், துடைப்பத்தை எடுத்தாள், கணவனாக நடித்தவரை நன்றாகப் புடைத்தாள். அவளது அகராதியில் தெளிவான பேச்சு என்பதன் பொருள் அதுதான்! பார்வையாளரே மேடையேறிக் கதையை மாற்றும் ‘கருத்துக்கள அரங்கு’ இவ்வாறே பிறந்தது என்பது போல் கூறிய வரலாறு.

போலின் நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவருள் ஜக்சனும் ஒருவர். அவரது குழு வீடற்றோர் விடுதிகளிலும் பகற்பொழுது நிலையங்களிலும் நாடகம் ஆடியது. வீடிழந்த அனுபவம் உடையோரும் அதில் நடித்தனர். ஒருவன் படிப்படியாக வீட்டை இழக்கும் கதை ஒருமுறை ஆடப்படும். பின் மீண்டும் தொடங்கும். நமது கூத்தின் கட்டியகாரன் போன்ற ஒருவர் இடைநின்று நடத்துவார். அவையிலிருப்பவர் எவரும் “நிறுத்துங்கள்!” எனலாம்; அக்கணமே நாடகம் நிற்கும். அவர் எழுந்து, அதிகாரியின் மேசை முன் தாம் சொல்ல விரும்பியதைச் சொல்லிப் பார்ப்பார். தெருவில் எவரும் நின்று கேளாத ஒருவரின் சொல்லுக்கு ஓர் அரங்கமே நிற்கின்றது. அப்பொழுது என் கேள்வியின் கூர்மை சற்று மழுங்கிவிட்டது. நாடகம் வீடு தராதுதான்; ஆயினும் வீடு கேட்கும் வாயைத் திறக்கின்றது.

1998இல் அட்டைப்பெட்டி நகரம் அகற்றப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அவ்விடத்தில் பிரமாண்டத் திரை கொண்ட படமாளிகை ஒன்று திறக்கப்பட்டது. நாடகக் குழுவோ நிலைத்தது. 2003இல் ரோயல் சேக்ஸ்பியர் நாடகக் குழுவுடன் இணைந்து, கடலில் அலைக்கழிந்த மன்னன் பெரிக்கிளிசின் கதையை அகதிகளின் வாக்குமூலங்களோடு பின்னி மேடையேற்றியது.

வீடிழந்த இளந்தாயொருத்தியைப் பற்றிக் கென் லோச் இயக்கிய ‘கதி கம் ஹோம்’ என்னும் தொலைக்காட்சி நாடகத்தை 1966இல் பி.பி.சி. ஒளிபரப்பியபோது பிரித்தானியா அதிர்ந்தது. ஐம்பது ஆண்டுகளின் பின், 2016இல், அதே கதையை இக்குழு இலண்டன் பார்பிக்கன் அரங்கில் நடித்தது. வீடின்மையை நேரிற் கண்டவர்களும் அம்மேடையில் நின்றனர்.