கடல் கடந்து வந்த புரவி



திருகோணமலை என்றவுடன் கோணேசர் கோயிலும், இயற்கைத் துறைமுகமும், கன்னியா வெந்நீர் ஊற்றுகளும் நம் நினைவுக்கு வருகின்றன. குதிரை நினைவுக்கு வருவதில்லை. எனினும், இத்துறைமுகத்தின் வரலாற்றில் ஒரு குதிரைக்கும் இடமுண்டு. இன்றைய உரையை அந்தக் குதிரையிலிருந்தே தொடங்குவோம்.

1672ஆம் ஆண்டு பிரெஞ்சுத் தளபதி டி லா ஹே தம் கப்பல்களுடன் கொட்டியாரக் குடாவுக்கு வந்து சேர்ந்தார். ஒல்லாந்தரை விரட்டத் துணை தேடிக்கொண்டிருந்த கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் அவ்வருகையை விரும்பி வரவேற்றான். தளபதியின் தூதராக லனரோல் என்பவர் மலைநாட்டுக்குப் புறப்பட்டார். அரண்மனையை அணுகுவோர் குதிரையை விட்டு இறங்குவது அந்நாட்டு மரியாதை. லனரோல் இறங்கவில்லை. குதிரைமேல் இருந்தபடியே அரண்மனையைக் கடந்து சென்றார். மன்னனைக் காணக் காத்திருக்கவும் அவருக்குப் பொறுமையில்லை. முடிவில் அவருக்கு விலங்கு பூட்டப்பட்டது. 1660இல் இதே கொட்டியாரக் கரையில் பிடிபட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் இச்செய்தியைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். பிரெஞ்சுக்காரரை ஒல்லாந்தர் அவ்வாண்டிலேயே திருகோணமலையிலிருந்து வெளியேற்றினர். லனரோல் நாடு திரும்பவில்லை. அவர் பெயர் இன்றும் சிங்களக் குடும்பப் பெயராக வழங்கி வருகிறது.

குதிரைமேல் ஏறத் தெரிந்த மனிதருக்கு எங்கே இறங்குவதென்று தெரியவில்லை. புரவியை அடக்கியவர் ஒரு மன்னனின் நம்பிக்கையை இழந்தார். நம்பிக்கை என்பதைப் பற்றி மனிதனுக்குக் குதிரை கற்பித்த பாடம் மிகப் பழையது. அதை நம் முன்னோர் எவ்வளவு தூரம் கற்றனர் என்பதே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

இலங்கை குதிரையின் தாயகமன்று. தென்தமிழகமும் அவ்வாறே. இங்கு வந்த குதிரை கடல் கடந்தே வந்தது. பல நாள் கப்பலின் ஆட்டத்தில் தவித்து, முன்பின் அறியாத கரையில், அறியாத புல்லின் மணத்தில், அறியாத மொழி பேசும் மனிதர் நடுவில் அது இறக்கப்பட்டது. குதிரை வேட்டையாடும் விலங்கன்று; வேட்டையாடப்படும் விலங்கு. அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருக்கின்றன. நேர் பின்புறமும் மூக்கின் அடியும் தவிர மற்றெல்லாத் திசைகளையும் அது பார்த்துக்கொண்டே நிற்கும். ஐயம் வந்தால் அது முதலில் செய்வது ஓடுவது. ஓட வழியில்லையென்றால்தான் உதைக்கும், கடிக்கும். நாம் முரட்டுத்தனம் என்று சொல்வது பெரும்பாலும் அச்சமேயாகும்.

இத்தகைய உயிரை மனிதன் தன்வயப்படுத்துவதைக் குறிக்கத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று வசக்குதல், மற்றது பழக்குதல். வசக்குதலில் கயிறும் சவுக்கும் தெரிகின்றன. பழக்குதலிலோ பழக்கம் இருக்கிறது. பழக்கம் என்றால் இருவர் வேண்டும், காலமும் வேண்டும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தளபதி செனோபோன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். பசி தீர்வதும், தாகம் தணிவதும், ஈக்களின் தொல்லை நீங்குவதும் மனிதனால்தான் என்று இளங்குதிரை உணரவேண்டும் என்பது அவர் கருத்து. அது மிரளும் பொருளை முதலில் நாம் தொட்டுக் காட்டிப் பின்னர் மெல்ல அருகே நடத்திச் செல்லவேண்டும். கோபத்தோடு குதிரையை ஒருபோதும் அணுகலாகாது என்றும் அவர் கூறினார். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் டொம் டொரன்ஸ் போன்ற பயிற்சியாளர்கள் இவ்வழியையே புதுப்பித்தனர். அவர்கள் முறை எளியது. தோள்பக்கமாக அணுகவேண்டும். கயிற்றை மெல்ல இழுத்துக் காத்திருக்கவேண்டும். குதிரை ஓரடி இசைந்தால் அக்கணமே கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். இழுப்பது குதிரையைக் கேட்பது மட்டுமே. அதற்குக் கற்பிப்பது தளர்த்தும் அந்தக் கணந்தான்.

நம் நாட்டுப் பழைய ஏடு ஒன்றில் இவ்விரு வழிகளும் அருகருகே கிடக்கின்றன. மகாவம்சத்தைச் சொல்கிறேன். இளவரசன் பண்டுகாபயன், பெண்குதிரை வடிவில் திரிந்த ஓர் இயக்கியைக் கண்டு துரத்துகிறான். அவள் குளத்தைச் சுற்றியும் மலையைச் சுற்றியும் ஓடுகிறாள். மகாவலி கங்கையிலும் இறங்குகிறாள். கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கும் அதே மகாவலிதான். அவன் அவளைப் பிடித்து, வாள்முனையால் மூக்கைத் துளைத்துக் கயிறு கட்டுகிறான். அவள் பின்தொடர்கிறாள். இது வசக்குதல். ஆனால் கதை அங்கே முடியவில்லை. போர் வந்தபோது அவன் அவளுடைய ஆலோசனையைக் கேட்டு நடக்கிறான், வெல்கிறான். அரசனானபின் அவளை அரண்மனை எல்லைக்குள்ளேயே வாழவைக்கிறான். கயிறு அவளை நிறுத்தி வைத்தது. அரசைத் தேடித் தந்ததோ கேட்ட சொல்லும் காட்டிய நன்றியும்.

மற்றது துட்டகைமுனுவின் வீரர்களில் ஒருவனான வேளுசுமனன் கதை. கிரிபோஜன் என்பவனிடம் சிந்து நாட்டுக் குதிரையொன்று இருந்தது. அது எவரையும் முதுகில் ஏறவிடாது. வேளுசுமனனைக் கண்டதும், தன்மேல் ஏறத் தகுந்தவன் இவனே என்று எண்ணி மகிழ்ந்து கனைத்ததாம். இங்கே கயிறும் இல்லை, வாளும் இல்லை. மனிதன் குதிரையைத் தேர்ந்தெடுக்கவில்லை. குதிரை மனிதனைத் தேர்ந்தெடுத்தது.

கடலுக்கு அப்பால், பாண்டிய நாட்டில் நிலைமை எவ்வாறிருந்தது? அங்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ வேதனையான செய்தியொன்றைக் குறித்திருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து மன்னன் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவானாம். ஆண்டு முடிவில் அவற்றில் 100கூட மிஞ்சுவதில்லையாம். பேணத் தெரிந்தவர்கள் இல்லை. சோறும் இறைச்சியும் சமைத்து ஊட்டினார்கள். குதிரை வைத்தியர்களை வணிகர்கள் வரவிடுவதுமில்லை. குதிரை பிழைத்தால் வியாபாரம் என்னாவது? பொன் கொடுத்து வாங்கியவர்கள் அறிவை வாங்கவில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மறுபடியும் வாங்கினார்கள்.

மாணிக்கவாசகர் வரலாற்றில் வரும் நரி பரியான கதையை நாமெல்லாரும் அறிவோம். பகலில் பாண்டியன் கண்டு மகிழ்ந்த பரிகள் இரவில் நரிகளாகி, லாயத்தில் நின்ற மற்றக் குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிப்போயின. அது இறைவனின் திருவிளையாடல். எனினும், அந்நிய விலங்கை விலைக்கு வாங்கிய ஒரு சமூகத்தின் அச்சமும் அக்கதையில் ஒலிக்கிறதென்று எண்ணத் தோன்றுகிறது. விலை கொடுத்தது நம்முடையதாகிவிட்டதா? விடியும்வரை அது நிற்குமா?

இக்கேள்விக்கு உயிருள்ள சாட்சியாக நெடுந்தீவில் இன்றும் குதிரைகள் திரிகின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அங்கு வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை அவை. ஆங்கிலேயர் காலத்தில் அவ்வளர்ப்பு கைவிடப்பட்டது. லாயங்கள் இடிந்தன, குதிரைகள் நின்றன. வறட்சிக் காலத்தில் நீரின்றி அவை மடிவதுண்டு. 2015இல் அவை உலவும் பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. வேலியும் பிரகடனமும் நல்லவையே. ஆயினும், தாகத்தில் நிற்கும் குதிரை ஒரு கைத் தண்ணீரைத்தான் நினைவில் வைத்திருக்கும்.

இறுதியாக ஒன்று சொல்லி விடைபெறுகிறேன். பண்டைநாளில் அனுராதபுரத்தை இரு தமிழர் கைப்பற்றினர். சேனன், குத்திகன் என்பன அவர்களின் பெயர்கள். கப்பலில் குதிரை கொண்டுவந்த வணிகனின் மைந்தர்கள் என்றே மகாவம்சம் அவர்களை அறிமுகப்படுத்துகிறது. அந்நூல் அந்நிய அரசர்களை எளிதில் புகழ்வதில்லை. எனினும் இவ்விருவரும் 22 ஆண்டுகள் நீதியோடு ஆண்டனர் என்று அது எழுதிவைத்தது. படை கொண்டு பிடித்த நாட்டைப் படை கொண்டே 22 ஆண்டுகள் வைத்திருத்தல் அரிது. அதட்டினால் மிரளும், அன்பாய் நின்றால் நெருங்கும் என்ற பாடத்தை அவ்விருவரும் தந்தையின் குதிரைகளிடம் கற்றிருக்கவும் கூடும்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் போர்த்துக்கேயர் பிடித்தனர், ஒல்லாந்தர் பிடித்தனர், பிரெஞ்சுக்காரர் பிடித்தனர், ஆங்கிலேயர் பிடித்தனர். பிடித்தவர் பெயரெல்லாம் ஏட்டில் உண்டு. ஆனால் நீதியோடு ஆண்டார் என்ற ஒரு சொல்லை, மாற்றாரின் ஏட்டில், குதிரை வணிகனின் பிள்ளைகள் பெற்றுச் சென்றனர். பல இனத்தவர் அருகருகே வாழும் இக்கரையில் நாம் தேடவேண்டிய சொல்லும் அதுவே.