நாடி எண்ணி ஓடியவர்கள்

வோல்டெமர் கெர்ஷ்லர் என்ற ஜெர்மானியப் பயிற்சியாளரைப் பற்றி முதன்முதலில் படித்தபோது ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. ஓட்டத்தைவிட, ஓடி முடித்து நிற்கும் ஒன்றரை நிமிடத்தைத்தான் அவர் கூர்ந்து கவனித்திருக்கிறார். ஃப்ரைபர்க் நகரில் ஹெர்பர்ட் ரெய்ன்டெல் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய முறை இது: வீரர் 100, 150 அல்லது 200 மீட்டர் வேகமாக ஓடுவார். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறும். நின்றதும் நாடியை எண்ணத் தொடங்குவார்கள். 90 நொடிக்குள் அது 120க்கு இறங்கிவிட்டால் அடுத்த ஓட்டம். இறங்காவிட்டால் வேகமோ தூரமோ அவருக்கு அதிகம், அல்லது அன்றைக்கு அவ்வளவுதான். இதயம் வலுப்பெறுவது அந்த இடைவெளியில்தான் என்று ரெய்ன்டெல் நம்பினார்.

கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939 ஜூலையில் மிலானில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 நொடியில் ஓடினார். பழைய உலகச் சாதனையைவிட அது 1.8 நொடி குறைவு. அதை முறியடிக்க 16 ஆண்டுகள் ஆயின. அதைப் பார்க்க ஹார்பிக் இல்லை, 1944இல் போர்முனையில் இறந்துவிட்டார். கெர்ஷ்லரின் இன்னொரு மாணவர், லக்ஸம்பர்கின் ஜோசி பார்த்தெல், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கம் வென்றார்.

நெடுந்தூர ஓட்டம் கற்றுத்தருபவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பதக்கங்களைவிட அந்த 120 முக்கியம். எத்தனை முறை ஓடுவது என்பதைப் பயிற்சியாளரின் நோட்டுப் புத்தகம் தீர்மானிக்கவில்லை. எதிரில் நிற்பவனுடைய இதயம் தீர்மானித்தது.

அதே எண்ணத்தைக் கணக்காக்கியவர் பின்லாந்தின் உடலியங்கியல் அறிஞர் மார்ட்டி கார்வோனன். அவரும் இரு சகாக்களும் சில இளைஞர்களை டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்த்து 1957இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓய்வுத் துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் நடுவே உள்ள தூரம்தான் ஒருவருடைய கையிருப்பு. அந்தத் தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டினால்தான் அந்த இளைஞர்களுக்குப் பயிற்சி பலன் தந்தது. இன்று பயிற்சிக்கு வகுக்கும் துடிப்பு வரம்புகளுக்கு, அதாவது ஜோன்களுக்கு, இந்தக் கணக்கு ஒரு வேர்.

ஆனால் உச்சத் துடிப்பை அறிய 220லிருந்து வயதைக் கழி என்ற சூத்திரம் வேறு வழியாக வந்தது. 1970 வாக்கில் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரப் பணியில் இருந்த சாமுவேல் ஃபாக்ஸும் இளையவரான வில்லியம் ஹாஸ்கெல்லும் ஒரு மருத்துவக் கூட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். இதய நோயாளிகளை எவ்வளவு தூரம் உடற்பயிற்சி செய்யவிடலாம் என்பதுதான் அவர்கள் கவலை. ஏற்கெனவே வெளிவந்த பத்துப் பன்னிரண்டு ஆய்வுகளின் எண்களைப் புள்ளிகளாக வைத்து, நடுவே கண்ணளவில் ஒரு கோடு போட்டார்கள். அது 1971இல் அச்சேறியது. எல்லோருக்கும் பொருந்தும் விதி என்று தாங்கள் நினைத்ததே இல்லை என்று ஹாஸ்கெல் பின்னாளில் சொன்னார். ஒரே வயதுக்காரர்களுக்கு இடையே உச்சத் துடிப்பு பத்துப் பன்னிரண்டு கூடுவதும் குறைவதும் சர்வசாதாரணம். 2001இல் டனாகா என்ற ஆய்வாளரும் சகாக்களும் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்து, 208லிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கும்படி திருத்தினார்கள். சராசரி சரியாயிற்று, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு அப்படியேதான் இருக்கிறது.

இதற்கிடையில் கருவி வந்துவிட்டது. கழுத்தில் விரல் வைத்து 10 நொடி எண்ணி ஆறால் பெருக்கும்போது ஒரு துடிப்பு தவறினால் கணக்கில் ஆறு தவறும். அதோடு, எண்ணுவதற்காக நின்ற கணமே துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும். பனிச்சறுக்குப் பயிற்சியாளர் ஒருவர் இந்தக் குறையைச் சொல்லக் கேட்டவர், பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழக மின்னணுப் பேராசிரியர் செப்போ சைனயாகங்காஸ். 1977இல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். 1982இல், மார்புப் பட்டையிலிருந்து கம்பியில்லாமல் மணிக்கட்டுக்குத் துடிப்பை அனுப்பும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயத்தைப் பார்க்க முடிந்தது. கெர்ஷ்லர் கையில் இது கிடைத்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

அவ்வளவு நுட்பமான கருவியை வாங்கி, பிறந்த தேதியை மட்டும் அதில் போட்டுவிட்டு ஓடுகிறோம். வருத்தம் எனக்கு அங்கேதான். பதினேழு வயதுப் பையன்கள் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் இருவருக்கும் உச்சம் 203 என்று வைத்துக்கொண்டு, 60 முதல் 70 சதவீதம் என்றால் 122 முதல் 142 என்று காட்டும். இருவரையும் அளந்து பார்த்ததில் உச்சம் 200 வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஒருவனுக்கு ஓய்வுத் துடிப்பு 48, இன்னொருவனுக்கு 72. கையிருப்பில் அதே சதவீதத்தை ஓய்வுத் துடிப்போடு கூட்டும் கார்வோனன் கணக்குப்படி முதலாமவன் 139 முதல் 154 வரை ஓட வேண்டும், அடுத்தவன் 149 முதல் 162 வரை. கடிகாரம் சொல்லும் 122இல் இருவரும் பாதி நடையாகத்தான் போவார்கள்.

என்னிடம் பயிலும் பிள்ளைகளிடம் நான் கேட்பது இரண்டே எண்கள். காலையில் கண் விழித்ததும், படுக்கையிலிருந்து எழாமலே, முழு நிமிடம் எண்ணிய நாடி. நன்றாக உடல் சூடேறிய பிறகு மேட்டில் திரும்பத் திரும்ப ஓடி, கடைசி ஏற்றத்தில் உயிரைக் கொடுத்து ஓடும்போது பட்டை காட்டும் உச்சம். இரண்டாவது, ஆரோக்கியமான இளைஞர்களுக்கு மட்டும். நடுவயதில் ஓடத் தொடங்குபவரும் நெஞ்சில் சிறு தொந்தரவு இருப்பவரும் மருத்துவரைப் பார்க்காமல் அதைச் செய்யவே கூடாது. காலை நாடியை நோட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும். பயிற்சி ஏற ஏற அது இறங்கும், அப்போது ஜோன்களையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.