பாலைவனநாதர் கோயில் களஞ்சியமும் தண்ணீர் குடிக்காத எலியும்



வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் சின்ன வீடியோ ஒன்று அனுப்பியிருந்தார். இரவு நேரம். வண்டி விளக்கு வெளிச்சத்தில் ஒரு சிறிய எலி மணலில் தத்தித் தத்தி ஓடுகிறது. "சார், சுத்துவட்டாரத்துல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. இது எப்படி சார் உயிரோட இருக்கு?" என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். அது நம் பாபநாசத்தில் தொடங்கி எங்கெங்கோ போய்விட்டது. எல்லோரும் படிக்கட்டுமே என்று இங்கேயே போடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

நம் ஊர் திருப்பாலைத்துறை சுவாமிக்குப் பெயர் பாலைவனநாதர். வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள், "காவிரி ஓடுற ஊர்ல பாலைவனம் எங்க சார் வந்துச்சு?" என்று. இந்தப் பாலை மணல்காடு இல்லை. பாலை என்பது ஒரு மரம். அந்த மரங்கள் நிறைந்த வனம் பாலைவனம். இக்கோயிலின் தலமரமும் பாலைதான். அப்பர் சுவாமிகள் பாடிய தலம். பெயர்க் காரணம் இப்படி இருந்தாலும், எலியைப் பற்றிப் பேச இந்தக் கோயிலைவிடப் பொருத்தமான இடம் இல்லை. காரணம், அங்கே நிற்கும் நெற்களஞ்சியம்.

வெளியூரில் இருப்பவர்கள் மறந்திருப்பீர்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வட்டமாகக் கட்டி, மேலே கூம்பாக முடித்த பெரிய கட்டடம். தஞ்சை நாயக்கர் காலத்தில், 1600-க்கும் 1634-க்கும் இடையில் கட்டியது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். கலம் என்றால் 12 மரக்கால். இன்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

இவ்வளவு பருமனான சுவர் எதற்கு? நெல்லுக்கு மூன்று எதிரிகள்: ஈரம், பூச்சி, எலி. நெல்லை நன்றாகக் காயவைத்து, பல்லில் கடித்துப் பார்த்து, 'டக்'கென்று உடைந்தால்தான் உள்ளே கொட்டுவார்கள். ஈரமும் பூச்சியும் அதில் அடங்கும். எலிக்குச் சுவர்தான் வழி. நம் வீடுகளிலும் இதே கணக்குதான். வசதி உள்ளவர் வீட்டில் மரப் பத்தாயம், மற்றவர் வீட்டில் மண் குதிர், விதைநெல்லுக்கு வைக்கோல் பிரி சுற்றிய கோட்டை. டெல்டாவின் சரித்திரத்தை ராஜாக்களை வைத்து எழுதுகிறோம். எலியை வைத்தும் எழுதலாம்.

அப்படி எழுதிய ராஜா ஒருவரே இருக்கிறார். புறநானூற்றின் 190-ஆம் பாடலைப் பாடியவர் சோழன் நல்லுருத்திரன். விளைந்த வயலில் கதிரை அறுத்து வளைக்குள் சேர்த்து வைக்கும் எலியைப் போன்ற சிறு மனத்தவர் நட்பு எனக்கு வேண்டாம், புலியைப் போன்ற பெருமிதம் உள்ளவர் நட்பே வேண்டும் என்பது அதன் கருத்து. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு சோழ அரசர் வரப்போரம் எலி என்ன செய்கிறது என்று அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார். இன்றைக்கும் தை மாதம் நம் வயலில் அதே காரியம் நடக்கிறது. பூமி மாறவில்லை, எலியும் மாறவில்லை.

இங்கே ஒரு விஷயம். "எலி" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். நம் வேளாண்மைத் துறையினர் வயலில் மட்டும் நான்கு வகையைக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி, வெள்ளெலி. நம் தஞ்சாவூர் நன்செய்யில் கதிரை வெட்டிக் குவிப்பது பெரும்பாலும் கரம்பை எலிதான். கனத்த உடம்பு, மண்ணைத் தோண்டுவதில் சூரன், நன்றாக நீந்தும். வளையின் வாயைப் புது மண்ணால் அடைத்து வைக்கும். உள்ளே தனியாக ஒரு அறையில் நெற்கதிர் குவிந்திருக்கும்.

ஏன் குவிக்கிறது? தாளடி அறுவடை முடிந்தால் அடுத்து மேட்டூர் தண்ணீர் வரும்வரை நம் நிலம் வெறுமையாகக் கிடக்கும். உளுந்து, பயறு போட்டால் உண்டு. சித்திரை, வைகாசியில் களிமண் பாளம் பாளமாக வெடித்துவிடும். குடமுருட்டியில் மணல்தான் தெரியும். அந்த மூன்று நான்கு மாதம் டெல்டாவும் ஒரு சின்னப் பாலைவனம்தான். அந்தக் காலத்தைத் தாண்டத்தான் எலி சேமிக்கிறது. ஆனால் கரம்பை எலிக்கு ஒரு பலவீனம் உண்டு. அதற்குச் சோறு மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். அதனால் கோடையில் வாய்க்கால் கரை, வைக்கோல் போர், வீட்டுப் பக்கம் என்று நகரும்.

நான்காவதாகச் சொன்ன வெள்ளெலி வேறு ஜாதி. வயிறு வெள்ளையாக, வால் நுனியில் கறுப்பு மயிர்க் கொத்தோடு, பெரிய கண்ணோடு அழகாக இருக்கும். புன்செய்க் காட்டில், மணற்பாங்கான மேட்டில் வளை வைக்கும். இரவில்தான் வெளியே வரும். இதே வெள்ளெலி ராஜஸ்தான் தார் பாலைவனத்திலும் வாழ்கிறது! அங்கே இதற்கு ஒரு பங்காளியும் உண்டு. பாலைவன ஜெர்பில் என்பார்கள். அது பகலில் திரியும். கோடையில் காலையும் மாலையும் மட்டும் தலைகாட்டும், குளிர்காலத்தில் உச்சி வெயிலில் வெளியே வரும்.

சரி, இவை தண்ணீர் இல்லாமல் எப்படி வாழ்கின்றன? பழங்காலத்தில் "பனியைக் குடிக்கும்", "கிழங்கைக் கடிக்கும்" என்று பல யூகம் சொன்னார்கள். அளந்து பார்த்து விடை சொன்னவர்களில் முக்கியமானவர் நட் ஷ்மிட்-நீல்சன். நார்வே நாட்டில் 1915-ல் பிறந்தவர். 1940-களின் இறுதியில் மனைவி போடிலுடன் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்துக்குப் போய் கங்காரு எலியை ஆராய்ந்தார். இந்த அம்மையார் நோபல் பரிசு பெற்ற ஆகஸ்ட் குரோக்கின் மகள். கங்காரு எலிக்கும் நம் வெள்ளெலிக்கும் நெருங்கிய உறவு இல்லை. ஆனால் ஒரே கணக்கை இரண்டு பிள்ளைகள் தனித்தனியாகப் போட்டு ஒரே விடைக்கு வந்ததுபோல, இரண்டும் ஒரே மாதிரி வழிகளைக் கண்டிருக்கின்றன.

அவர்கள் கங்காரு எலிக்குக் காய்ந்த பார்லி மட்டும் கொடுத்தார்கள். சொட்டுத் தண்ணீர் கிடையாது. எடை குறையவே இல்லை. ஆய்வகத்து வெள்ளை எலிக்கு அப்படிச் செய்தால் மெலிந்து இறந்துவிடும். பார்லிக்குள் தண்ணீர் எங்கே இருந்தது?

வகுப்பில் செய்து காட்டியது ஞாபகம் இருக்கிறதா? எரியும் மெழுகுவத்திக்கு மேலே குளிர்ந்த கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தால் உள்ளே மங்கலாக நீர் படியும். மெழுகில் உள்ள ஹைட்ரஜனும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து உண்டான தண்ணீர் அது. நாம் சாப்பிடும் சோறும் உடம்புக்குள் மெல்ல எரிகிறது, அங்கும் இதே தண்ணீர் பிறக்கிறது. 100 கிராம் பார்லி உடம்பில் எரிந்தால் ஏறத்தாழ 54 கிராம் தண்ணீர் கிடைக்கும். உங்களுக்கும் கிடைக்கிறது, எனக்கும் கிடைக்கிறது. நமக்குப் போதவில்லை, எலிக்குப் போதுகிறது. வரவு ஒன்றேதான். வித்தியாசம் செலவில்தான் இருக்கிறது.

அதன் செலவுக் கணக்கைப் பாருங்கள்.

முதலாவது சிறுநீர். உயர்நிலைப் பள்ளியில் சிறுநீரகத்தில் ஹென்லே வளைவு என்று படித்திருப்பீர்கள். பாலைவன எலிகளுக்கு அது மிக நீளம். அதனால் நம்மால் முடிந்ததைப் போல நான்கு மடங்கு செறிவாக, சில சொட்டுகளில் கழிவை வெளியேற்றிவிடும். கடல் தண்ணீரைக் குடித்தால் நம் உடம்பு வறண்டுபோகும். கங்காரு எலிக்கு சோயா மொச்சை கொடுத்து, தாகம் வரவைத்து, கடல் தண்ணீரையே வைத்தார்கள். குடித்துவிட்டு நன்றாகவே இருந்தது!

இரண்டாவது மூச்சு. அதன் நீண்ட மூக்குக்குழி உடம்பைவிடக் குளிர்ந்திருக்கும். நுரையீரலிலிருந்து வரும் சூடான ஈரக் காற்று அங்கே குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போகும். வடிகஞ்சித் தட்டின் அடியில் நீர் முத்து முத்தாகப் படிவதுபோல. மூன்றாவது, அதற்கு வியர்வை கிடையாது, புழுக்கையும் வறண்டிருக்கும்.

நான்காவது வீடு. மேல் மணல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது கீழே வளை குளுமையாக இருக்கும். வாயை மண்ணால் அடைத்துக்கொண்டால் மூச்சு ஈரமும் உள்ளேயே நிற்கும். சேர்த்து வைத்த விதைகள் அந்த ஈரத்தை உறிஞ்சும், பிறகு எலி அந்த விதையையே தின்னும். விட்ட மூச்சைக்கூட வீணாக்காத குடித்தனம். "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று சொன்ன நம் பாட்டிமார்கள் வளையின் மதிப்பை அறிந்துதான் சொல்லியிருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. ஜோத்பூரில் 1952-ல் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையமாகத் தொடங்கியது, 1959-ல் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் ஆயிற்று. அங்கே ஈஸ்வர் பிரகாஷ் என்ற விஞ்ஞானி வாழ்நாளின் பெரும்பகுதியை எலிகளுக்கே கொடுத்தார். அவரும் கோஷ் என்பவரும் தொகுத்த பாலைவன எலிகள் பற்றிய ஆங்கில நூல் 1975-ல் வந்தது. எலிக்கு இவ்வளவு படிப்பா என்று சிரிக்காதீர்கள். பாலைவனத்தில் ஒரு புல் முளைக்குமா, நட்ட கன்று பிழைக்குமா என்பதை எலிதான் முடிவு செய்கிறது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடம். 1958-ல் ராஜஸ்தான் கால்வாய் வேலை தொடங்கியது. இன்று அதற்கு இந்திரா காந்தி கால்வாய் என்று பெயர். பஞ்சாபிலிருந்து தண்ணீர் தார் பாலைவனத்துக்குப் போயிற்று. மணல்மேடு வயலாயிற்று. அதோடு எலியும் மாறியது. வறட்சிக்குப் பழகிய பாலைவன ஜெர்பில் பாசனப் பகுதிகளில் குறைந்தது. ஈரம் விரும்பும் எலிகள் வந்து சேர்ந்தன. அவற்றில் நம் கரம்பை எலியும் ஒன்று! தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே அதற்கேற்ற உயிர் போய்ச் சேர்கிறது. எந்த எலி இருக்கிறது என்று பார்த்தால் நிலத்தின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம்.

அப்படியானால் நம் நிலத்தின் ஜாதகம் என்ன? மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020-ல்தான் மறுபடி முடிந்தது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தத் தையில் பொங்கல் பானைக்குப் புது நெல் இல்லாத வீடுகள் நம் உறவிலேயே இருந்தன. போர் போட முடிந்தவர் பிழைத்தார். முடியாதவர் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறினார்.

கரம்பை எலியைப் போலத்தான் நாமும். தண்ணீர் உண்டு என்ற நம்பிக்கையில் வளர்ந்த குடி. வெள்ளெலியின் சிக்கனம் நமக்குப் பழக்கமில்லை. நல்லுருத்திரன் எலியைச் சிறுமைக்கு உவமை சொன்னது சரிதான், பிறருக்குக் கொடுக்காமல் சேர்ப்பது சிறுமைதான். ஆனால் பாலைவனநாதர் கோயில் களஞ்சியமும் சேமிப்புதானே? நல்ல காலத்தில் சேர்த்து, கெட்ட காலத்தில் ஊருக்குக் கொடுத்தால் அது பெருமை. எலி தன் வளைக்குச் சேர்க்கிறது. ஊர் ஊருக்காகச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எலியைப் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழவன் வாயில் மண் போட முடியாது. நம்மிடம் தஞ்சாவூர்க் கிட்டி இருக்கிறது. மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் பொறி. கிட்டி வைக்கத் தெரிந்தவர் எலிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, எந்த வரப்பில் நடமாட்டம் என்று மண்ணைப் பார்த்தே சொல்வார். விஷத்தை அள்ளித் தூவினால் எலியோடு ஆந்தையும் சாரைப்பாம்பும் போகும், அடுத்த வருடம் எலி இரட்டிப்பாகும். வரப்பைச் சிறியதாக வெட்டுங்கள், கிட்டி வையுங்கள், ஆந்தை உட்கார வயலில் ஒரு குச்சி நடுங்கள். கிட்டி கட்டத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் பிள்ளைகளை அனுப்பிக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக என் பங்காளிகளுக்கு ஒரு வார்த்தை. நம் பொதுவில் இருக்கும் குட்டையைத் தூர்த்து மனை போடலாம் என்று பேச்சு நடப்பது எனக்குத் தெரியும். பணம் தேவைப்படுகிறவர்களின் கஷ்டமும் தெரியும். ஆனால் அந்தக் குட்டைதான் நம் வளையின் ஈரம். ஐப்பசி மழையைப் பிடித்து வைத்து, சித்திரையில் கிணற்றுக்குக் கொடுப்பது அதுதான். விட்ட மூச்சின் ஈரத்தைக்கூடச் சேர்த்து வைக்கிறது ஒரு சின்ன எலி. வானம் இனாமாகக் கொடுக்கும் மழையைச் சேர்க்கும் இடத்தை நாம் விற்கலாமா? ஆவணி மாதம் எல்லோரும் ஊருக்கு வரும்போது உட்கார்ந்து பேசுவோம். தூர்வாரும் செலவில் என் பங்கை முதலில் நான் வைக்கிறேன்.

மாணவர்களுக்கு வீட்டுப்பாடம்: நீங்கள் இருக்கும் ஊரில் கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். துபாயில் இருந்தாலும் சரி, துறையூரில் இருந்தாலும் சரி. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.