வெள்ளை ரோஜா இயக்கம்

ஜெர்மனியின் மியூனிக் நகரிலுள்ள லுட்விக் மாக்சிமிலியான் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் சிலரும் பேராசிரியர் ஒருவரும், 1942 ஜூன் முதல் 1943 பிப்ரவரி வரை ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து நடத்திய தலைமறைவு இயக்கம். இவர்கள் ஆயுதம் எடுக்கவில்லை. ஒரு தட்டச்சுப் பொறி, கையால் சுற்றும் ஒரு சைக்ளோஸ்டைல் இயந்திரம், தபால்தலை, உறை, இரண்டொரு கைப்பெட்டி ஆகியவையே அவர்களிடம் இருந்தவை. இவற்றைக் கொண்டு ஆறு துண்டறிக்கைகளை வெளியிட்டார்கள். ஏழாவது அறிக்கை கையெழுத்துப் படியாக இருக்கும்போதே பிடிபட்டது.

இயக்கத்தைத் தொடங்கியவர்கள் ஹான்ஸ் ஷோல், அலெக்சாண்டர் ஷ்மோரெல் என்னும் மருத்துவ மாணவர்கள் இருவர். ஷ்மோரெல் ரஷ்யாவின் ஒரென்பர்க் நகரில் பிறந்தவர். ஹான்ஸின் தங்கை சோஃபி ஷோல் 1942 மே மாதம் உயிரியலும் தத்துவமும் படிக்க மியூனிக் வந்தார். அப்போது அவருக்கு வயது 21. மருத்துவ மாணவர்களான வில்லி கிராஃப், கிறிஸ்டோஃப் புரோப்ஸ்ட் இருவரும் நெருங்கிய தோழர்கள். புரோப்ஸ்ட் மூன்று குழந்தைகளின் தகப்பன் என்பதால் அவரை ஆபத்தான வேலைகளிலிருந்து மற்றவர்கள் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். தத்துவமும் இசையியலும் கற்பித்த குர்ட் ஹூபர் பின்னால் சேர்ந்தார்.

முதல் நான்கு அறிக்கைகள் 1942 ஜூன் 27 முதல் ஜூலை 12 வரையிலான இரண்டு வாரங்களுக்குள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நூறு படிகளே எடுத்தார்கள். எழுத்தாளர், பேராசிரியர், மருத்துவர், புத்தகக் கடைக்காரர் எனத் தேர்ந்தெடுத்து அஞ்சலில் அனுப்பினார்கள். கதே, ஷில்லர், அரிஸ்டாட்டில் ஆகியோரின் வரிகளைத் தாங்கிய அந்த நடை படித்தவர்களை நோக்கியது. இரண்டாம் அறிக்கை போலந்தில் மூன்று லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை வெளிப்படையாகச் சொன்னது. பின்னாளில் எத்தனையோ பேர் எங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள். இருபது வயது கடந்த இந்த மாணவர்களுக்கு 1942இலேயே தெரிந்திருந்தது. அறிக்கை கிடைத்தவர்களில் கணிசமானோர் அதை நேரே காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

அந்தக் கோடையில் ஹான்ஸ், ஷ்மோரெல், கிராஃப் மூவரும் மருத்துவப் பணிக்காக ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, இலையுதிர் காலத்தில் திரும்பினார்கள். போரை நேரில் பார்த்துவிட்டு வந்தபின் எழுத்தின் தொனியே மாறியது. 1943 ஜனவரியில் வந்த ஐந்தாம் அறிக்கையில் மேற்கோள் இல்லை, வெள்ளை ரோஜா என்ற பெயரும் இல்லை. எல்லா ஜெர்மானியர்களுக்கும் புரியும்படி நேரடியாகப் பேசியது. படிகளும் ஆயிரக்கணக்காயின.

ஆயிரக்கணக்கில் என்று எழுதுவது எளிது. அச்சிட்டவர்களுக்கு அது இரவு இரவாகச் செய்த வேலை. மெழுகுத்தாளில் தட்டச்சு செய்ய வேண்டும். எழுத்து விழுந்த இடம் வெட்டுப்படும். அந்த ஸ்டென்சிலை மை பூசிய உருளையில் மாட்டி, தாளுக்கு ஒரு சுற்றாகச் சுற்ற வேண்டும். லெயோபோல்ட் தெருவில் கட்டடக் கலைஞர் ஒருவரின் பணிக்கூடத்து நிலவறையில் இது நடந்தது. போர்க்காலத்தில் தாள் கட்டுக்கட்டாக வாங்கினால் கடைக்காரருக்கே சந்தேகம் வரும். அதனால் தாள், உறை, தபால்தலை எல்லாவற்றையும் இடம் மாற்றி மாற்றிச் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். முகவரிகளை டாய்ச்சஸ் அருங்காட்சியகத்து வாசக சாலையிலிருந்த விலாசப் புத்தகங்களிலிருந்து கையால் எழுதி எடுத்தார்கள். பிறகு பெட்டியோடு ரயிலேறி சால்ஸ்பர்க், வியன்னா, ஆக்ஸ்பர்க், ஸ்டுட்கார்ட் போன்ற ஊர்களில் அஞ்சலிட்டார்கள். மியூனிக் முத்திரை விழாமல் பல ஊர்களிலிருந்து வந்தால் பெரிய இயக்கம் ஒன்று நாடெங்கும் இயங்குவதாகத் தோன்றும். சோதனையில் அகப்பட்டாலும் ஆள் தப்ப வேண்டுமென்று பெட்டியை ஒரு பெட்டியறையில் வைத்துவிட்டு இன்னொன்றில் போய் உட்கார்ந்தார்கள். உல்ம் நகரில் பள்ளி மாணவர்கள் சிலர் மார்ட்டின் லூதர் தேவாலயத்து ஆர்கன் வாத்தியத்தின் பின்னால் ஒளிந்திருந்து உறையிட்டார்கள்.

வளாகத்திலும் அப்போது ஒரு கொதிப்பு இருந்தது. 1943 ஜனவரி 13 அன்று பல்கலைக்கழகத்தின் 470ஆம் ஆண்டு விழா அதே டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தில் நடந்தது. நாஜிக் கட்சியின் வட்டாரத் தலைவர் பவுல் கீஸ்லர், மாணவிகள் படிப்பதை விட்டு ஹிட்லருக்குப் பிள்ளை பெற்றுக் கொடுக்கட்டும் என்ற பொருளில் இழிவாகப் பேசினார். மாணவிகள் எழுந்து வெளியேற முயன்றார்கள். கைகலப்பு மூண்டது. சிலர் பிடிக்கப்பட்டார்கள். நாஜி ஆட்சியில் மாணவர்கள் பகிரங்கமாகக் காட்டிய எதிர்ப்பு மிக அரிது. இது அவற்றில் ஒன்று. பிப்ரவரி தொடக்கத்தில் ஸ்டாலின்கிராட்டில் ஜெர்மன் படை தோற்ற செய்தி வந்தது. ஹான்ஸும் தோழர்களும் மூன்று இரவுகளில் மியூனிக் சுவர்களில் விடுதலை என்றும் ஹிட்லர் ஒழிக என்றும் தார்ச் சாயத்தால் எழுதினார்கள். ஹூபர் எழுதிய ஆறாம் அறிக்கை சக மாணவ மாணவியரை விளித்துத் தொடங்கியது.

அந்த அறிக்கையில் ஒரு பகுதி அஞ்சலில் போனது. மிஞ்சியதை 1943 பிப்ரவரி 18, வியாழன் முற்பகல், ஹான்ஸும் சோஃபியும் பல்கலைக்கழகத்துக்கே எடுத்து வந்தார்கள். வகுப்பு முடியும் முன் அறைகளின் வாசலிலும் படிகளிலும் கட்டுக்கட்டாக வைத்தார்கள். பெட்டியில் கொஞ்சம் மீதமிருந்தது. மேல்தளக் கைப்பிடிச் சுவரிலிருந்த கட்டை சோஃபி தள்ளிவிட, தாள்கள் நடுக்கூடத்துக்குள் பறந்து இறங்கின. காவலாளி யாகோப் ஷ்மித் பார்த்துவிட்டார். இருவரையும் பிடித்து நிறுத்தினார். ஹான்ஸின் சட்டைப் பையில் புரோப்ஸ்ட் எழுதிய ஏழாம் அறிக்கையின் வரைவு இருந்தது. கிழித்துப் போட முயன்றும் பயனில்லை. மற்றவர்கள் காக்க நினைத்த புரோப்ஸ்ட் அதனாலேயே அகப்பட்டார்.

நான்கே நாளில் எல்லாம் முடிந்தது. பிப்ரவரி 22 அன்று மக்கள் நீதிமன்றத்தின் தலைவர் ரோலாண்ட் ஃபிரைஸ்லர் மூவருக்கும் மரண தண்டனை விதித்தார். அன்று மாலையே ஸ்டாடல்ஹைம் சிறையில் கில்லட்டின் கொண்டு தலை துண்டிக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் கூடிய மாணவர்கள் பிடித்துக் கொடுத்த காவலாளிக்கு ஆரவாரம் செய்தார்கள். ஷ்மோரெலும் ஹூபரும் ஜூலை 13 அன்றும், கிராஃப் அக்டோபர் 12 அன்றும் கொல்லப்பட்டார்கள். ஹூபரின் முனைவர் பட்டத்தைப் பல்கலைக்கழகம் பறித்தது. இன்று அதே பல்கலைக்கழகத்தின் முன்னுள்ள சதுக்கம் ஷோல் உடன்பிறந்தோர் பெயரையும், எதிர்ச் சதுக்கம் ஹூபர் பெயரையும் தாங்குகின்றன.

ஆனால் ஆறாம் அறிக்கை அழியவில்லை. ஹெல்முட் ஃபான் மோல்ட்கே என்ற எதிர்ப்பாளர் வழியாக ஸ்காண்டிநேவியா போய், இங்கிலாந்தை அடைந்தது. 1943 கோடையில் பிரிட்டிஷ் விமானங்கள் அதன் மறு அச்சுப் படிகளை லட்சக்கணக்கில் ஜெர்மனியின் மேல் தூவின.

உள்ளேயும் ஒருவர் அதைத் தொடர்ந்தார். ஷோல் அளவுக்குப் பேசப்படாத இவர், ஹான்ஸ் லைபெல்ட். மியூனிக்கில் வேதியியல் படித்தவர். தாய் யூத வம்சத்தவர். தோழி மாரி லூயிஸே யானுடன் சேர்ந்து ஆறாம் அறிக்கையைத் தட்டச்சில் மீண்டும் படியெடுத்து ஹாம்பர்க் வரை கொண்டுபோனார். ஹூபரின் மனைவி வருமானமின்றித் தவிப்பதறிந்து அவருக்குப் பணம் திரட்டினார். அதுவே அவரைக் காட்டிக் கொடுத்தது. யானுக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறை. லைபெல்ட்டின் ஆசிரியரான நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் வீலாண்ட், மாணவருக்காக நீதிமன்றத்துக்கே வந்து நின்றும் உயிரைக் காக்க முடியவில்லை. 1945 ஜனவரி 29 அன்று அதே ஸ்டாடல்ஹைம் சிறையில் லைபெல்ட்டைக் கொன்றார்கள். அமெரிக்கப் படை மியூனிக்கில் நுழைந்தது அடுத்த ஏப்ரல் 30 அன்று.