ரேந்தை மண ஆடை

ரேந்தை மண ஆடை என்பது ரேந்தை அல்லது லேசு எனப்படும் துளைப்பின்னல் துணியைக் கொண்டு மணமகளுக்காகத் தைக்கப்படும் ஆடை ஆகும். நீண்ட அங்கி, தலைமுக்காடு, வெண்ணிறச் சேலையுடன் அணியப்படும் இரவிக்கை, சேலைக்கரை ஆகியன இதன் பரவலான வடிவங்கள். ரேந்தையில் நூல் எவ்வளவு முதன்மையானதோ, நூலுக்கு இடையே விடப்படும் துளையும் அவ்வளவு முதன்மையானது. ஆகவே பிற துணிகளில் உள்ளே மறைந்துவிடும் தையல் இதில் வெளியே தெரியும். இதன் காரணமாகவே தையல் இயந்திரம் எங்கும் கிடைக்கும் இக்காலத்திலும் நல்ல ரேந்தை ஆடையின் முக்கிய இணைப்புகள் கையால் தைக்கப்படுகின்றன.

தமிழர் வாழும் பகுதிகளில் ரேந்தைப் பின்னல் பெரும்பாலும் கிறித்தவ மறைப்பணியுடன் இணைந்து பரவியது. தென் திருவிதாங்கூரில் இக்கைத்தொழில் பெண்களின் கூலி, விடுதலை ஆகியவற்றோடு நேரடித் தொடர்புடையதாக இருந்தது.

சொல்

ரேந்தை என்னும் சொல் 'ரெந்தா' என்னும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. சன்னல், அலமாரி, சாவி போன்று போர்த்துக்கேயர் வழியாகத் தமிழில் கலந்த சொற்களுள் இதுவும் ஒன்று. இலங்கைத் தமிழில் 'றேந்தை' என எழுதும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டுத் துணிக்கடைகளிலும் தையற்கடைகளிலும் லேசு என்னும் ஆங்கிலச் சொல்லே இன்று பெருவழக்கு. கடைகளில் விற்கப்படும் ஒட்டுக்கரைகளும் இப்பெயராலேயே அழைக்கப்படுவதால், இக்கட்டுரையில் பின்னல் துணியைக் குறிக்க ரேந்தை என்னும் சொல் ஆளப்படுகிறது.

வகைகள்

பின்னும் முறையை வைத்து ரேந்தையைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

ஊசி ரேந்தை: ஒற்றை ஊசியும் நூலும் கொண்டு, முடிச்சுத் தையல்களால் உருவாக்கப்படுவது.

திண்டு ரேந்தை: திண்டின் மீது வரைபடம் ஒன்றை வைத்து, குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் பின்னுவது. நாகர்கோவிலில் கற்பிக்கப்பட்டது இவ்வகையே. இலங்கையின் தென்கரையில் காலி, வெலிகமை பகுதிகளில் 'பீரளு' என்னும் பெயரில் இது இன்றும் பின்னப்படுகிறது.

கொக்கி ரேந்தை: குரோசே ஊசியால் பின்னப்படுவது. ஆந்திரப் பிரதேசத்தின் நரசாபுரம் இதற்குப் புகழ்பெற்றது. நரசாபுரம் குரோசே ரேந்தை 2024ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

இயந்திர ரேந்தை: இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் மிகப் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. பருத்தி, நைலான், பாலியெசுட்டர் ஆகிய இழைகளில் செய்யப்படுகின்றன.

வரலாறு

ஐரோப்பாவில்

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஹீத்கோட் 1808ஆம் ஆண்டில் வலைத்துணி பின்னும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1813இல் ஜான் லீவர்சு, பின்னாளில் பூவேலைப்பாட்டையும் பின்னுமாறு மேம்படுத்தப்பட்ட இயந்திரத்தை உருவாக்கினார். இவற்றால் கைப்பின்னல் தொழிலாளர் பெரிதும் பாதிக்கப்பட்டனர். 1816இல் லஃப்பரோவில் இருந்த ஹீத்கோட்டின் ஆலை தாக்கப்பட்டு, அங்கிருந்த இயந்திரங்கள் உடைக்கப்பட்டன.

1840 பெப்ரவரி 10ஆம் நாள் நடைபெற்ற தம் திருமணத்தின்போது விக்டோரியா அரசி டெவன் பகுதியின் ஹானிட்டன் ரேந்தையை அணிந்தார். நலிந்துவந்த அத்தொழிலுக்கு ஆதரவாகவே இத்தேர்வு அமைந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அதைப் பின்னினர். வெண்ணிற மண ஆடையும் ரேந்தை முக்காடும் உலகெங்கும் பரவியதில் இந்நிகழ்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

தென் திருவிதாங்கூரிலும் திருநெல்வேலியிலும்

இலண்டன் மறைப்பணிச் சங்கத்தைச் சேர்ந்த சார்லசு மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்தனர். மார்த்தா தாம் நடத்திய பெண்கள் விடுதிப்பள்ளியில் 1820களின் தொடக்கத்தில் ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். பின்னப்பட்ட ரேந்தை இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியப் பெண்களுக்கு விற்கப்பட்டது. அப்பள்ளியின் மாணவியருள் சிலர் அடிமைகளாக இருந்தவர்கள். ரேந்தை விற்றுக் கிடைத்த பணத்தைக் கொண்டு அவர்கள் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்துப் பெற்றனர். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்தது 1855ஆம் ஆண்டில்தான் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இதே காலத்தில் இப்பகுதியின் நாடார் பெண்களுக்கும் பிற ஒடுக்கப்பட்ட சமூகப் பெண்களுக்கும் மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. மறைப்பணியாளர் இல்லத்துப் பெண்கள் கிறித்தவப் பெண்களுக்காகக் குப்பாயம் எனப்பட்ட தளர்ந்த சட்டையை அறிமுகப்படுத்தினர். தோள்சீலைப் போராட்டம் எனப்படும் நீண்ட போராட்டத்திற்குப் பின்னர், 1859 சூலை 26ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட அறிவிப்பு நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமையை வழங்கியது. ஆயினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்னும் தடை அதிலும் இருந்தது. பிறர் அணிவதற்காக மிக நுண்ணிய ஆடையைப் பின்னிய கைகள், தம் தோளின்மீது ஒரு துணியை இடுவதற்குப் போராட வேண்டியிருந்த காலம் அது.

மால்ட் இணையரின் மகள் எலிசா 1844ஆம் ஆண்டு இராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். திருநெல்வேலிப் பகுதியின் இடையன்குடியில் வாழ்ந்த எலிசா, அங்குப் பெண்கள் பள்ளியையும் ரேந்தைத் தொழிலையும் வளர்த்தார். இவ்வாறு தாயிடமிருந்து மகளுக்கும், நாகர்கோவிலிலிருந்து இடையன்குடிக்கும் இக்கலை சென்றது. 1897இல் பெல்சியத்திலிருந்து முளகுமூட்டிற்கு வந்த கத்தோலிக்கத் துறவியரின் கன்னியர் மடமும் பின்னாளில் ரேந்தைக்கும் பூத்தையலுக்கும் பெயர்பெற்றது.

உழைப்பும் கூலியும்

ரேந்தை பின்னிய பெண்கள் எல்லோருக்கும் அத்தொழில் விடுதலையைத் தரவில்லை. செருமானிய சமூகவியலாளர் மரியா மீசு நரசாபுரம் ரேந்தைத் தொழிலாளர் பற்றி 1982இல் நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய அப்பெண்கள் தொழிலாளராக எண்ணப்படாமல், ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டனர் என்றும், மிகக் குறைந்த கூலிக்கு அதுவே காரணமாயிற்று என்றும் அவர் காட்டினார். இக்கருத்து கைத்தையலுக்கும் பொருந்தும். ரேந்தை ஆடை தைப்பதில் பெரும்பகுதி நேரம் கண்ணுக்குத் தெரியாத தையலிலேயே செலவாகிறது. வேலை எவ்வளவு நன்றாக அமைகிறதோ, அவ்வளவு அது தெரியாமல் போகும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில்

முன்னர் ஒருங்கிணைந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்விரு மாவட்டங்களும் பருத்தி விளையும் பகுதிகள் ஆகும். செயங்கொண்டம் வட்டாரத்தில் கைத்தறி நெசவு நடைபெறுகிறது. வீரமாமுனிவர் வாழ்ந்து தொண்டாற்றிய ஏலாக்குறிச்சியும், வரதராசன்பேட்டையும் அரியலூர் மாவட்டத்தின் அறியப்பட்ட கத்தோலிக்க ஊர்கள்.

தமிழகக் கத்தோலிக்கத் திருமணங்களில் மணமகள் வெண்ணிற அல்லது சந்தன நிறச் சேலையும், ரேந்தை வைத்த இரவிக்கையும், தலையில் வலைமுக்காடும் அணிவது பரவலான வழக்கம். சிலர் அங்கி அணிகின்றனர். தாலி கட்டும் வழக்கமும், பின்னர் கூறைச்சேலைக்கு மாறும் வழக்கமும் உண்டு. எனவே ரேந்தை இங்கு உள்ளூர் மரபுடன் சேர்ந்தே அணியப்படுகிறது.

தவக்காலத்தில் பொதுவாகத் திருமணங்கள் தவிர்க்கப்படுவதால், உயிர்ப்புப் பெருவிழாவிற்குப் பிந்திய ஏப்ரல், மே மாதங்களில் பல திருமணங்கள் நிகழ்கின்றன. இவ்வுள்நாட்டு மாவட்டங்களில் அதுவே கடும் வெயிற்காலம். வியர்வையை உறிஞ்சாத சாட்டின் துணியை உள்துணியாக இடுவது இப்பருவத்தில் உகந்ததன்று. மல் போன்ற மென்பருத்தியை உடலை ஒட்டியும், ரேந்தையை அதன் மேலும் அமைப்பது பொருத்தமானது.

தைக்கும் முறை

1. முன்னேற்பாடு: பருத்தி ரேந்தை நனைந்தால் சுருங்கக்கூடும். ஆதலின் ரேந்தை, உள்துணி இரண்டின் சிறு துண்டுகளையும் நனைத்து உலர்த்திப் பார்த்தல் வேண்டும். கைகளைக் கழுவி, மேசைமீது தூய வெள்ளைத்துணி விரித்தே வேலையைத் தொடங்க வேண்டும். 2011இல் கேத்தரின் மிடில்டனின் மண ஆடைக்கு ரேந்தை பொருத்திய இங்கிலாந்தின் அரச பூத்தையல் பள்ளியினர், அரை மணிக்கு ஒருமுறை கை கழுவியதாகவும், மூன்று மணிக்கு ஒருமுறை ஊசியை மாற்றியதாகவும் செய்திகள் வெளிவந்தன.

2. மாதிரி ஆடை: ரேந்தையில் பிரித்துத் தைப்பது கடினம். ஆகவே முதலில் மலிவான காடாத் துணியில் ஆடையைத் தைத்து, அணிவித்துப் பார்த்து, அளவுகளை முடிவு செய்ய வேண்டும். திருத்தப்பட்ட அத்துணியைப் பிரித்தால் அதுவே வெட்டுவதற்கான மாதிரி ஆகும்.

3. பூ ஒழுங்கு: ரேந்தையின் பூக்கள் முன்பக்கத்தின் இருபுறமும் ஒத்து அமைய வேண்டும். அலைபோன்ற ஓரம் உள்ள துணியில், அவ்வோரம் கைமுனையிலோ கீழ்விளிம்பிலோ வருமாறு மாதிரியை வைத்தால் அங்கு மடித்துத் தைக்கத் தேவையில்லை. இவற்றுக்காகக் கூடுதல் துணி வாங்க வேண்டும்.

4. குறித்தலும் வெட்டுதலும்: சுண்ணக்கட்டியின் குறி துளைகளில் நிற்காது. வேற்று நிற நூலால் நூலோட்டம் இட்டே தையற்கோட்டைக் குறிக்க வேண்டும். இணைப்பு வரும் இடங்களில் கோட்டை ஒட்டி நேராக வெட்டாமல், கோட்டைக் கடந்து நிற்கும் பூக்களை முழுமையாக விட்டு அவற்றைச் சுற்றி வெட்ட வேண்டும்.

5. மேற்பொருத்து இணைப்பு: ரேந்தைத் தையலின் உயிர்நாடி இதுவே. ஒரு துண்டின் பூக்களை மற்றத் துண்டின்மேல், இரு தையற்கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுமாறு பொருத்தி, பூவின் விளிம்பைச் சுற்றி மிகச் சிறு கைத்தையல்களால் இணைக்க வேண்டும். பின்னர் அடியில் மிஞ்சும் துணியைக் கூர்மையான சிறு கத்தரியால் நீக்க வேண்டும். இதனால் பக்கத் தையல் நேர்கோடாகத் தெரியாமல் பூவேலைப்பாட்டுக்குள் மறைந்துவிடும். தையற்கடைகளில் டாட் எனப்படும் பிடிப்புகளையும் இவ்வாறே அமைக்கலாம். மெல்லிய ஊசியையும் ஒற்றை நூலையும் பயன்படுத்த வேண்டும். நூல் ஒரு முழத்தைவிட நீண்டால் சிக்கிக்கொள்ளும்.

6. இயந்திரத் தையல்: பூவற்ற வலைப்பகுதியை இயந்திரத்தில் தைக்கலாம். 60 அல்லது 70 எண் ஊசியை இட்டு, துணி பற்சக்கரத்தில் சிக்காதிருக்க அடியில் மெல்லிய தாளை வைத்துத் தைத்து, பின்னர் தாளைக் கிழித்தெடுக்க வேண்டும்.

7. திறப்பும் கொக்கியும்: கொக்கி, காஜா ஆகியவற்றின் இழுவிசையை ரேந்தை தாங்காது. அவற்றை உள்துணியோடு சேர்த்த பட்டியிலேயே தைக்க வேண்டும்.

8. கீழ்விளிம்பு: அங்கியாயின், கீழ்விளிம்பைச் சமன்செய்யும் முன் ஆடையை ஒரு நாள் முழுதும் தொங்கவிட வேண்டும். தன் எடையால் துணி இறங்கிய பின்னரே அளவு நிலைபெறும்.

பேணுதல்

ரேந்தையைத் துவாலையின்மீது பூப்பக்கம் கீழாக வைத்து, மேலே மெல்லிய துணியிட்டு, குறைந்த சூட்டில் தேய்க்க வேண்டும். நைலான் ரேந்தை சூட்டில் உருகும். திருமணம் முடிந்ததும் வியர்வைக் கறையை நீக்காமல் மடித்துவைத்தால் துணி மஞ்சளாகும். நெகிழிப் பையில் இடாமல், தூய பருத்தித் துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது மடிப்பை மாற்ற வேண்டும். மேற்பொருத்து முறையில் கையால் தைத்த ஆடையைப் பூக்களுக்குச் சேதமின்றிப் பிரித்து, வேறொருவர் அளவுக்கு மாற்றித் தைக்க இயலும்.

இவற்றையும் பார்க்கவும்

தோள்சீலைப் போராட்டம்
இராபர்ட் கால்டுவெல்
ஏலாக்குறிச்சி
பூத்தையல்