முசிறியின் அகஸ்டஸ் கோயில்: பிலோவின் சான்றை முன்வைத்து

ரோமச் சாலைகளைக் காட்டும் பியூட்டிங்கர் வரைபடத்தில் சேரர் துறைமுகமான முசிறியை ஒட்டிய கட்டடக் குறியும் 'அகஸ்டஸ் கோயில்' என்ற அதன் இலத்தீன் குறிப்பும் நெடுங்காலமாக ஒரே கேள்விக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன: முசிறியில் ரோமர் அதிகாரம் செலுத்தினரா? ஆம் என்றோர் கோயிலைச் சான்றாக்கினர். இல்லை என்றோர் வரைபடத்தோடு கோயிலையும் சேர்த்துத் தள்ளினர். ஆட்சி இருந்தால்தான் ஆள்வோன் பெயரில் கோயில் எழும் என்பதே இரு சாராரின் எண்ணமும். 1873இல் கோலாலம்பூரில் மாரியம்மன் கோயில் எழுந்தபோது அங்கே தமிழரா ஆண்டனர்? மலேசியாவின் சுங்கை வேயில் இருந்து எழுதும் எனக்கு அந்த எண்ணம் ஒப்பவில்லை.

இவ்விவாதத்தில் உரிய இடம் பெறாத சான்று அலெக்சாந்திரியாவின் பிலோவுடையது. ரோமப் பேரரசர் காயுஸிடம் (கலிகுலா) சென்ற தூது பற்றிய நூலில், தம் நகரத் துறைமுகத்தை நோக்கி உயர்ந்து நின்ற அகஸ்டஸ் கோயிலை அவர் விவரிக்கிறார்: காணிக்கையாக வந்த ஓவியங்கள், சிலைகள், பொன், வெள்ளி; சுற்றிலும் மண்டபங்கள், நூலகங்கள், சோலைகள். கடலுக்குப் புறப்படுவோர்க்கும் கரை திரும்புவோர்க்கும் அது நம்பிக்கை தருவதாம். இங்கே அகஸ்டஸ் கடலோடிகளின் காவல்தெய்வம். ரோம வரலாற்றாளர் சுவெட்டோனியஸும் இதற்குத் துணைநிற்கிறார். இத்தாலியின் புத்தேயோலி விரிகுடாவில் அலெக்சாந்திரியக் கப்பலில் வந்தோர் வெள்ளாடை உடுத்து, மாலை சூடி, தூபம் காட்டி, தாம் வாழ்வதும் கடலோடுவதும் அவரால்தான் என்று அகஸ்டஸை வாழ்த்தினராம்.

முசிறிக்கு வந்த சரக்கும் கடனும் இந்த அலெக்சாந்திரியாவோடு பிணைந்தவை. முசிறிக் கடனைக் குறிப்பிடும் வியன்னா பாப்பிரஸ், சரக்கு எகிப்தின் கோப்தோஸ் வழியே அந்நகர் சேர்வதைச் சொல்கிறது. கப்பல் தொழிலில் இருந்தோர்க்குக் கோதுமை கொண்டுவரப்பட்டதைப் பழைய கடல்வணிகக் கையேடான பெரிப்ளுஸ் குறிக்கிறது. உள்ளூர் வணிகர் அதை உண்பதில்லையாம். முசிறியில் பருவக்காற்றுக்காகக் காத்துக் கிடந்தவர்கள் தம் காவல்தெய்வத்துக்கு ஒரு கோயில் எடுத்திருப்பர் என்பதே இயல்பான விளக்கம்.

வரைபடம் இடைக்காலப் படி; இந்தியாவை நசுக்கிக் காட்டுவது. ஆயினும் தொலைவைத் தவறாகக் காட்டும் வரைபடக்காரன் கோயிலையும் கற்பனை செய்வான் என்று கொள்ள நியாயமில்லை. அதில் உள்ள வேறெந்த இந்திய ஊருக்கும் இக்குறிப்பு இல்லை. குறிப்பில் உள்ள அகஸ்டஸ் என்பது அகத்தியரே எனச் சிலர் சொல்லும் வாதத்துக்கு ஒலி ஒப்புமை தவிர வேறு ஆதாரம் கிடையாது.

அகநானூறு 149இல் யவனர் கலம் பொன்னொடு வந்து மிளகொடு மீள்கிறது. அதே பாட்டில் முசிறியை முற்றிய பாண்டியன் செழியன் அங்கிருந்து ஒரு படிமத்தைக் கவர்கிறான். அதை யவனர் கோயிலின் திருவுருவாகக் கொள்ள ஆசை எழலாம். ஆனால் படிமம் யாருடையது எனப் புலவர் சொல்லவில்லை. ஆகவே அதை இங்குச் சான்றாக எடுக்கவில்லை.

முசிறியோடு பலர் இணைக்கும், கேரளத்தின் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ஆம்போரா ஓடுகளும் செங்கல் படகுத்துறையும் கிடைத்தன, கோயில் கிடைக்கவில்லை. தோண்டியது அந்த மேட்டின் சிறு பகுதியே. பிலோவின் கோயில் துறைமுகத்தை நோக்கி நின்றது. பட்டணத்திலும் அந்தப் படகுத்துறையைச் சுற்றியுள்ள நிலத்தைத்தான் முதலில் தோண்ட வேண்டும்.