தீர்மான நோட்டு

இலத்தூரில் அத்தை வீட்டுப் பரணில் ஒரு பழைய நோட்டு கிடக்கிறது. மகளிர் குழுவின் தீர்மானப் புத்தகம். யார் வந்தார்கள், யாருக்குக் கடன், எதற்காக, எல்லாம் அதில் இருக்கிறது. முதல் பக்கங்களில் பாதிப் பேர் கைநாட்டு.

இதன் பூர்வீகம் தர்மபுரி. 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு அங்கேதான் குழுக்களை ஆரம்பித்தது. எனக்கு அதைவிடச் சுவாரசியமானது 1992. 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையை நபார்டு தொடங்கிய வருடம். குழுவுக்குப் பதிவு கிடையாது, அடமானம் கிடையாது. ஆனாலும் சேமிப்பைப்போல நான்கு மடங்கு வரை கடன். மேனேஜர் எதை நம்பிக் கொடுப்பார்? இந்த நோட்டைத்தான். (பிழைப்புக்கு நான் கட்டும் எந்த டேட்டாபேஸுக்கும் இந்த மரியாதை கிடைத்ததில்லை.) 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தபிறகு இது மாநிலம் முழுக்கப் பரவியது.

மேடைப் பேச்சில் வரும் 'பெண் முன்னேற்ற'த்தை நான் முழுசாக நம்புவதில்லை. நோட்டில் 'கறவை மாடு' என்றிருக்கும் ஒரு கடன், மாமாவின் பழைய பாக்கியை அடைக்கப் போனது. பீடி சுற்றித் தவணை கட்டியது அத்தை.

இப்போது தெருவுக்கு வாரக்கடன் வசூலிக்க வருகிறவர்களும் 'குழு' என்றுதான் சொல்கிறார்கள். வட்டியை அந்தப் பெண்கள் தீர்மானிப்பதில்லை. அது ஊரில் தங்குவதும் இல்லை. பழைய குழுவில் உள்கடன் வட்டி அவர்கள் பொதுப்பணத்திலேயே சேர்ந்தது.

பதினோராம் பக்கத்தில் அத்தையின் கைநாட்டு நின்று, கோணலாக ஒரு கையெழுத்து வருகிறது. எப்படி என்று கேட்டேன்.

"பேங்குல மை தொட்டு வச்சா ஒரு மாதிரி பாப்பாவ ஐயா. ஒன் மதினி சிலேட்டுலதான் எழுதிப் பழகுனேன்."